வக்கீல் இருக்கும்போதே நாமே மனு எழுதலாமா? கடற்கரைக் குடும்பங்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான கரையோர ஊர்களிலிருந்து இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்துக்கு வரும் குடும்பங்களுக்குச் சட்டம் சார்ந்த தன்னார்வலராக உதவி வருகிறேன். கடல் அட்டை வழக்கு, கஞ்சா வழக்கு, சுங்க வழக்கு, ஊர்த் தகராறில் பதிவான அடிதடி வழக்கு என எதுவாக இருந்தாலும் ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது. வக்கீல் வைத்திருக்கிறோம், ஆனாலும் அவரைக் கேட்காமல் நாமே நீதிமன்றத்துக்கு எழுதலாமா என்பதே அது. கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

1.7.2024 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. இரண்டின் எண்களும் இன்றும் நீதிமன்றத்தில் புழங்குவதால், தேவையான இடங்களில் புதிய பிரிவையும் பழைய பிரிவையும் சேர்த்தே தந்திருக்கிறேன்.

வக்காலத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டோம். இனிமே நாங்க கோர்ட்டுல வாயே திறக்கக் கூடாதா?

அப்படி இல்லை. வக்காலத்து என்பது உங்களுக்காக மனுத் தாக்கல் செய்யவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், வாதாடவும் ஒருவருக்கு நீங்கள் தரும் அதிகாரம். வழக்கு உங்களுடையதாகவே இருக்கிறது. விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை அரசியலமைப்பின் 22(1) கூறும், புதிய சட்டத்தின் 340ஆம் பிரிவும் (பழைய 303) உரிமையாகவே சொல்கின்றன. அது உங்கள் குரலுக்குப் போட்ட பூட்டு அன்று.

குற்றச்சாட்டை நீதிபதி படித்துக் காட்டும்போது ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்பதற்கும், சாட்சியம் முடிந்தபின் நீதிபதி உங்களை நேரடியாகக் கேட்கும் கேள்விகளுக்கும் (புதிய 351, பழைய 313) பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அந்தக் கேள்விகளுக்கு எழுத்து வடிவிலும் பதில் தாக்கல் செய்யலாம். உங்கள் தரப்புச் சாட்சியாக நீங்களே கூண்டில் ஏறுவதும் (புதிய 353, பழைய 315) உங்கள் முடிவு. இவற்றுக்குச் சட்டமே நேரமும் இடமும் ஒதுக்கியிருக்கிறது. சிக்கல் எழுவது, இவற்றுக்கு வெளியே, வக்கீலுக்குத் தெரியாமல், நடுவில் ஒரு மனு போகும்போதுதான்.

வக்கீல் இருந்தா நீயா மனுப் போடக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயாவது எழுதியிருக்கா?

நேராகத் தடுக்கும் பிரிவும் இல்லை. வக்கீலும் வாதாட நானும் கூடவே வாதாடுவேன் என்பதை உரிமையாகத் தரும் பிரிவும் இல்லை. ஆகவே அது நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டது. நடைமுறையில், நீங்கள் நேரில் மனுவை நீட்டினால் அலுவலகம் முதலில் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்க்கும். அதில் வக்காலத்து இருந்தால், ‘வக்கீல் மூலமாகக் கொண்டு வாருங்கள்’ என்று திருப்பித் தரலாம். நீதிபதியின் கைக்கே அது போய்விட்டால், அவர் பெரும்பாலும் உங்கள் வக்கீலைப் பார்த்து, ‘இது உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்பார். அந்தக் கேள்வி திறந்த மன்றத்தில், அரசு வழக்கறிஞரின் முன்னிலையில் கேட்கப்படும்.

ஜெயிலுக்குள்ள இருந்து எங்க வீட்டுக்காரரே எழுதி அனுப்பிட்டாரு. அது எங்க போகும்?

சிறைவாசியின் மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் முத்திரையிட்டு உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அங்கே அது வழக்குக் கட்டோடு சேரும். அதன்மேல் உத்தரவு வேண்டுமென்றால் அரசுத் தரப்புக்கும் நகல் கொடுக்கப்படும். அதாவது, நீதிபதிக்கு மட்டும் இரகசியமாக எழுதினேன் என்று உங்கள் கணவர் நினைத்திருந்தாலும், அதை எதிர்த்தரப்பும் படிக்கும். ‘எனக்கு வக்கீல் வேண்டும்’ என்ற வகைக் கடிதமாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பப்படும்.

நீதிபதியின் வீட்டு முகவரிக்கோ அவருடைய தனிப்பெயருக்கோ கடிதம் எழுதுவதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றித் தனியாக எழுதுவதை நீதிபதியை அணுக முயன்றதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

உள்ளதை உள்ளபடி எழுதுறதுல என்னங்க கெடுதல்?

இதைத்தான் நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு பேச்சுக்கு, மண்டபம் பக்கத்தில் ஒரு நாட்டுப்படகில் சாக்கு மூட்டைகள் பிடிபட்டதாக வைத்துக்கொள்வோம். படகில் இருந்ததாக நான்கு பேர் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவர் சிறையிலிருந்து, ‘ஐயா, நான் கூலிக்கு வலை இழுக்கப் போனவன், மூட்டையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது’ என்று மனம் உருகி எழுதுகிறார். அவர் எழுதியது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் அந்தப் படகில் இருந்தார் என்பதற்கு அரசுத் தரப்பிடம் ஒழுங்கான சாட்சி இல்லாமல் இருந்திருக்கலாம். மகசரில் (பிடிபட்டதைப் பற்றிச் சாட்சிகள் முன் எழுதும் பதிவில்) கையெழுத்திட்ட சாட்சிகள் பிறழ்ந்து போகக்கூடும். வக்கீல் அந்த ஓட்டையை நம்பியே குறுக்கு விசாரணைக்குத் தயாராகிக் கொண்டிருந்திருக்கலாம். அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டிய பாதியை அந்த ஒரு வரியில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

காவல்துறையிடம் சொன்ன ஒப்புதலை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தச் சட்டம் தடை போட்டிருக்கிறது. நீதிமன்றத்துக்கு நீங்களே மனமுவந்து எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பின்னால் வக்கீல் வேறு விதமாக வாதாடினால், ‘உங்கள் கட்சிக்காரரே இப்படி எழுதியிருக்கிறாரே’ என்று அதே காகிதத்தைக் காட்டுவார்கள். உடன் சேர்க்கப்பட்ட மற்ற மூவரின் பெயரும் அதில் இருந்தால், ஒரே ஊரில் நான்கு குடும்பங்களுக்கு இடையே பகையும் வந்து சேரும். இப்படி முறிந்துபோன உறவுகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு கெடுதல் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. வக்கீல் ஜாமீன் மனுப் போட்டு அது நிலுவையில் இருக்கும்போதே நீங்களும் ஒரு ஜாமீன் மனு அனுப்பினால், ஒன்றில் சொன்னது மற்றொன்றில் இல்லாமல் போகும். முந்தைய மனுவைப் பற்றிய விவரம் விடுபடும். உண்மையை மறைத்ததாகக் கருதப்படும். மனுக்களின் எண்ணிக்கை கூடுவதால் ஜாமீன் விரைவில் கிடைத்ததாக நான் கண்டதில்லை.

குத்தத்தை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதினா அபராதத்தோட விட்டுருவாங்கன்னு உள்ள இருக்கிறவங்க சொல்றாங்களாமே?

சிறு வழக்குகளில் நடப்பதைப் பார்த்துவிட்டு எல்லா வழக்குக்கும் சொல்லும் அறிவுரை இது. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட உயிரினம். அந்த அட்டவணைக்குரிய குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே மூன்று ஆண்டுச் சிறை. அதிகபட்சம் ஏழு ஆண்டு. குறைந்தபட்சச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றத்தை, பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை. மன்னிப்புக் கடிதமாக நினைத்து நீங்கள் எழுதுவது மூன்று ஆண்டுகளுக்கு நீங்களே போடும் கையெழுத்தாகிவிடும். ஒப்புக்கொள்வதா என்பது உங்கள் உரிமை என்று முதல் பதிலில் சொன்னேன். அந்த உரிமையைப் பயன்படுத்தும் முன் என்ன தண்டனை காத்திருக்கிறது என்று வக்கீலிடம் கேட்டறியுங்கள்.

கஸ்டம்ஸ் ஆபீஸ்ல மிரட்டி எழுதி வாங்கிட்டாங்க. அதை மறுத்து நாமளே எழுதணும்னு ஒருத்தர் சொல்றாரு. இதுவும் கெடுதலா?

இல்லை, இது வேறு. சுங்கச் சட்டம், 1962இன் 108ஆம் பிரிவின் கீழ் அதிகாரிகள் பதியும் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியும். அதனால் அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்றால் அதை மறுத்துச் சொல்வதில் தாமதம் கூடாது. முதல் வாய்ப்பு, உங்களை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தும் நேரம். அப்போது வாயால் சொல்லிப் பதியச் சொல்லலாம். தவறவிட்டால், சிறைக்குப் போனவுடன் கண்காணிப்பாளர் மூலம் மறுப்புக் கடிதம் அனுப்பலாம். மாதங்கள் கழித்து வரும் மறுப்பு, யோசித்துச் செய்தது என்றே பார்க்கப்படும். போதைப்பொருள் வழக்கில், போதைப்பொருள் சட்டத்தின் 67ஆம் பிரிவின் கீழ் வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் மறுப்பைப் பதிவு செய்துவைப்பது நல்லது.

மறுப்புக் கடிதத்தில், ‘அந்த வாக்குமூலம் என் விருப்பத்தின் பேரில் தரப்பட்டதன்று’ என்பதும், எப்படி வாங்கினார்கள் என்பதும் மட்டுமே இருக்க வேண்டும். உண்மையில் நடந்தது இதுதான் என்று புதிய கதையைத் தொடங்கினால், படகு உதாரணத்தில் சொன்ன கெடுதல் வந்துவிடும்.

அடித்துத் துன்புறுத்தியிருந்தால் அதையும் நடுவரிடம் நேராகச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். இதற்கு வக்கீலின் அனுமதி தேவையில்லை. திகார் சிறையிலிருந்து ஒரு கைதி, சக கைதிக்கு நேர்ந்த சித்திரவதையைப் பற்றி எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியிருக்கிறது.

உள்ள போயி அறுபது நாள் ஆகப்போகுது. வக்கீல் போனே எடுக்க மாட்டேங்கிறாரு. ஏதோ தானா ஜாமீன் கிடைக்கும்கிறாங்களே?

தானாகக் கிடைக்காது, கேட்டால் கிடைக்கும். புலனாய்வை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யச் சட்டம் நாள் குறித்திருக்கிறது (புதிய 187(3), பழைய 167(2)). மரண தண்டனை, ஆயுள், அல்லது பத்து ஆண்டும் அதற்கு மேலும் சிறை விதிக்கக்கூடிய குற்றம் என்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். கஞ்சா 20 கிலோவுக்கு மேல் போய் வணிக அளவு ஆகிவிட்டால் 180 நாள். அதையும் அரசு வழக்கறிஞரின் அறிக்கையின் பேரில் ஓர் ஆண்டு வரை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ரிமாண்ட் செய்த (நடுவர் காவலில் வைக்க உத்தரவிட்ட) நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அந்த நாள் முடிந்தபின், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பு நீங்கள் ஜாமீன் கேட்டுவிட வேண்டும். கேட்டபின் அவசர அவசரமாகக் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்தாலும் உரிமை போகாது. நீங்கள் கேட்பதற்கு முன் அவர்கள் முந்திக்கொண்டால் போய்விடும். ஒரு பகல் பொழுதில் முடிந்துவிடும் இந்தப் பந்தயத்தில் வக்கீல் ஊரில் இல்லை என்பதற்காகத் தோற்கக் கூடாது. எழுத்து மனுவே இல்லாமல் வாயால் கேட்டாலும் போதும் என்று 2017இல் அசாம் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இந்த உரிமை வந்துவிட்டது என்று கைதிக்கு எடுத்துச் சொல்வது நீதிமன்றத்தின் கடமை என்றும் அதில் சொல்லப்பட்டது. எனவே ரிமாண்ட் நீட்டிப்புக்காக நேரிலோ காணொலியிலோ நடுவர் முன் நிறுத்தப்படும்போது, ‘ஐயா, எனக்கு நாள் முடிந்துவிட்டது, குற்றப்பத்திரிகை வரவில்லை, ஜாமீன் கேட்கிறேன்’ என்று சொல்லலாம். அன்று நிறுத்தப்படவில்லை என்றால் அதே வாசகத்தை எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம். இந்த மனுவில் சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் தேவைப்படாததால் உங்களுக்கு எதிராகத் திரும்ப அதில் எதுவுமில்லை.

வெளியில் இருப்பவர்கள் ஜாமீன்தாரர்களைத் தயாராக வைத்திருங்கள். உத்தரவு வந்தும் பிணைப் பத்திரம் கொடுக்க ஆள் இல்லாமல் உள்ளேயே இருக்கும் நிலை இங்கே அடிக்கடி நேர்கிறது.

தண்டனையில மூணுல ஒரு பங்கு நாள் கழிஞ்சா விட்டுருவாங்களா? அதுக்கு யாரு எழுதணும்?

புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. முன்பு தண்டனை பெறாதவர் என்றால் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர் என்றால் பாதியும் விசாரணைக் கைதியாகக் கழித்தபின் விடுவிக்கக் கோரலாம். மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்துக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. மனு எழுத வேண்டிய பொறுப்பைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர் மேலேயே வைத்திருக்கிறது. 1.7.2024க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைதி செய்ய வேண்டியது, தன் நாட்கணக்கைக் கண்காணிப்பாளருக்கு நினைவூட்டி எழுதிக் கொடுப்பது.

வாய்தா அன்னைக்குக் கடல்ல இருந்துட்டாரு. வக்கீலும் வரல. பிடிவாரண்ட் போட்டுட்டாங்க. அவரே போயி நிக்கலாமா?

நிற்கலாம், நிற்பதே நல்லது. நீதிமன்றம் திரும்பப் பெறும் வரையில் அந்த வாரண்ட் உயிரோடு இருக்கும் (புதிய 72, பழைய 70). அன்றைய தினம் கடலுக்குப் போனதற்கு மீன்வளத் துறை கொடுத்த அனுமதிச் சீட்டு இருந்தால் நகலை இணைத்து, வாரண்டைத் திரும்பப் பெறக் கோரும் மனுவோடு நேரில் ஆஜராகலாம். அடுத்த முறை வாய்தா தேதியை முன்கூட்டியே வக்கீலிடம் சொல்லி, நேரில் வருவதிலிருந்து விலக்குக் கோரும் மனுவை (புதிய 355, பழைய 317) அவரையே போடச் சொல்லுங்கள்.

வக்கீல் மேலயே நம்பிக்கை போச்சு. அதைத்தான் நீதிபதிக்கு எழுதலாம்னு இருக்கேன்.

எழுதலாம், ஆனால் புகாராக எழுதாதீர்கள். ‘இந்த வக்கீல் எதிராளியிடம் பணம் வாங்கிவிட்டார்’ என்று எழுதினால், அதை விசாரிக்கும் இடம் உங்கள் வழக்கு நடக்கும் நீதிமன்றம் அன்று. வழக்கறிஞர் சட்டம், 1961இன் 35ஆம் பிரிவின் கீழ் மாநில வழக்கறிஞர் மன்றம். உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது வேறு வக்கீல். புதியவர் வக்காலத்து வாங்கி, பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கித் தாக்கல் செய்வார். பழையவர் மறுத்தால், நீதிமன்ற அனுமதி கேட்டு மனுப் போடலாம்.

பணம் இல்லையென்றால் சட்ட உதவி கேளுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. புதிதாக வருபவர் கட்டைப் படிக்கவே நேரம் வேண்டும் அல்லவா? ஆயுள், மரண தண்டனை வழக்குகளில் நீதிமன்றம் அமர்த்தும் வழக்கறிஞருக்குக் குறைந்தது பத்து ஆண்டு அனுபவமும், தயாராக ஏழு நாளாவது அவகாசமும் இருக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த அவகாசத்தைக் கேட்கத் தயங்காதீர்கள்.

பீஸ் பாக்கி இருக்குன்னு கேஸ் கட்டைத் தர மாட்டேங்கிறாரு.

தந்தாக வேண்டும். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. பாக்கி உண்மையானது என்றால் அதை அவர் தனியாக வசூலித்துக்கொள்ளலாம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவதுதான் முறை.

அண்ணன் பேருல பவர் எழுதி வாங்கி, அவருக்குப் பதிலா நான் கோர்ட்டுல பேசலாமா?

பவர் பத்திரம் நிலத்தை விற்க உதவும். குற்றவியல் நீதிமன்றத்தில் ஒருவருக்காக வாதாட உதவாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் அல்லாத ஒருவர் வாதாட நீதிமன்றம் அனுமதி தர வழி உண்டு என்றாலும், அந்த அனுமதியைக் குற்றம் சாட்டப்பட்டவரே கேட்க வேண்டும்.

தண்டனை ஆயிருச்சு. உள்ள இருந்து அப்பீல் எழுதிக் குடுத்துட்டாரு. வெளிய நாங்களும் மதுரையில வக்கீல் வச்சு அப்பீல் போட்டோம். ரெண்டும் மோதிக்குமா?

சிறையிலிருந்து மேல்முறையீடு எழுதுவது சட்டமே திறந்துவைத்த வாசல் (புதிய 424, பழைய 383). இரண்டும் உள்ளன என்று மதுரைக் கிளையில் வாதாடும் வக்கீலிடம் உடனே சொல்லுங்கள். அவர் இரண்டையும் ஒன்றாக எடுக்கக் கேட்பார். உங்கள் அச்சத்தைச் சட்டமும் முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறது. வக்கீல் போட்ட மேல்முறையீட்டைப் பார்க்காமல், சிறையிலிருந்து வந்ததை மட்டும் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்துவிட்டால், நீதியின் நலன் கருதி மற்றதை விசாரிக்க அதே நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரப்பட்டுள்ளது (புதிய 425, பழைய 384).

அமெரிக்காவுல இப்படி எழுதுற மனுவைப் படிக்காமலே தள்ளிருவாங்கன்னு படிச்சேன். இங்கயும் அப்படியா?

சட்டம் படிக்கும் கீழக்கரை மாணவர் ஒருவர் கேட்டது. அங்கே வக்கீல் வேண்டாம், நானே வாதாடுவேன் என்று சொல்லும் உரிமையை 1975இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. வக்கீலும் நானும் கலந்து வாதாடுவோம் என்பதற்கு உரிமை இல்லை என்று 1984இல் கூறியது. ஆகவே வக்கீல் உள்ளவர் தானே போடும் மனுவைப் பல நீதிமன்றங்கள் ஏற்காமல் வக்கீலுக்கே திருப்பிவிடுகின்றன. இங்கே அவ்வளவு இறுக்கமான விதி இல்லை என்பதை இரண்டாம் பதிலில் பார்த்தோம். ஜாமீன் தொடர்பான பதிலும் மேல்முறையீடு தொடர்பான பதிலும் காட்டுவதுபோல, சில இடங்களில் கைதியின் சொந்தக் குரலை நம் நீதிமன்றங்கள் தேடிக் கேட்டிருக்கின்றன. எழுத்தறிவும் வசதியும் இல்லாதவர் நிறைந்த நாட்டில் அது சரியான போக்கு என்றே நான் கருதுகிறேன்.

எல்லாம் சரி. வக்கீலைப் பிடிக்கவே முடியல, எழுதியே ஆகணும்னா எப்படி எழுதணும்?

ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். மேலே நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண் அல்லது குற்ற எண், சிறைவாசி எண். அடுத்து, வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்பதையும், எந்தெந்தத் தேதிகளில் அவரைத் தொடர்புகொள்ள முயன்றீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கோரிக்கை: நாள் முடிந்ததால் ஜாமீன், அல்லது சட்ட உதவி வக்கீல், அல்லது மருத்துவச் சிகிச்சை. படகு, மூட்டை, உடன் வந்தவர்கள், பணம் ஆகியவற்றில் எதுவும் அதில் வரக் கூடாது. இரண்டு நகல் எடுத்து ஒன்றை வக்கீலின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஒன்றில் ஒப்புகை முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள். கையெழுத்துக்கு மேலே கடைசி வரியாக இதைச் சேர்க்கும்படி நான் எல்லோரிடமும் சொல்கிறேன்: ‘வழக்கின் சங்கதிகளைப் பற்றி இம்மனுவில் நான் எதுவும் கூறவில்லை, அவற்றை என் வழக்கறிஞர் மூலம் உரிய நேரத்தில் கூறும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறேன்.’